விருந்தாளிக்குக் கார் ஓட்ட அனுமதி இல்லை

1

இந்தக் கிழமை தபாலில் ஒரு நீளக் கடித உறை வந்தது. எங்கள் காரின் காப்புறுதியை இன்னொரு வருஷத்துக்குப் புதுப்பித்திருக்கிறார்களாம். பிரித்து வாசித்ததும் அடுப்படியில் நின்றபடியே எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஊரில் இப்படித் தனியாக நின்று சிரித்தால் ஆலிமிடம் தண்ணி ஓதி வாங்கிக் குடிக்கக் கொடுத்திருப்பார்கள். இங்கே கேட்பார் இல்லை. ஆகவே ஆசை தீரச் சிரித்துவிட்டு, பேனையைத் தேடி எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

எழுதுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. சாய்ந்தமருதிலிருந்து என் தங்கச்சி நஸீறா போன மாதம் எழுதியிருந்தாள். "ராத்தா, நீ அங்க கார் ஓட்டித் திரியிறியாமே, மெய்யா? உம்மாக்கு இன்னும் செல்லல்ல. மெய்யெண்டா எப்பிடி எண்டு முழுசா எழுது. பொய்யெண்டாலும் எழுது, வாசிக்க நல்லாரிக்கும்." மெய்தான் நஸீறா. முழுசாகவே எழுதுகிறேன். உம்மாவுக்கு நீயே பக்குவமாக வாசித்துக் காட்டு. மூன்றாம் பகுதியை மட்டும் கொஞ்சம் வேகமாக வாசி.

முதலில் ஒரு விஷயத்தை விளங்கப்படுத்த வேண்டும். கல்முனையில் லைசன் எடுத்தவர் அதே லைசனோடு மாத்தறைக்கும் போகலாம், மன்னாருக்கும் போகலாம், றோட்டைத் திறந்து வைத்திருந்தால் யாழ்ப்பாணத்துக்கும் போகலாம். அமெரிக்காவில் அப்படியில்லை. ஒரே நாடு, ஒரே கொடி, ஒரே சனாதிபதிதான். ஆனால் மாநிலம் மாறிக் குடிபோனால் நீங்கள் அன்றைக்குப் பிறந்த பிள்ளை. பழைய லைசனைக் கையளித்துவிட்டுப் புதிது எடுக்க வேண்டும். காரின் இலக்கத் தகட்டை மாற்ற வேண்டும். தகட்டுக்கு முதலில் காப்புறுதி வேண்டும், காப்புறுதிக்கு முதலில் லைசன் வேண்டும், லைசனுக்கு முதலில் இந்த மாநிலத்தில்தான் குடியிருக்கிறோம் என்ற அத்தாட்சி வேண்டும். ஒவ்வொரு கந்தோர் யன்னலும் அடுத்த யன்னலைக் கையால் காட்டியது.

நாங்கள் டெக்சாஸ் என்ற வெயில் மாநிலத்தில் ஐந்து வருஷம் இருந்தோம். போன வருஷம் என் மாப்பிள்ளைக்கு, அதாவது என் புருஷனுக்கு, வடக்கே வேலை கிடைத்து, பனி கொட்டுகிற இந்த மாநிலத்துக்கு வந்தோம். இதன் பேரை நான் எழுதப்போவதில்லை. எழுதினால் அதைச் சொல்லிக்காட்டச் சொல்லி உம்மா நஸீறாவின் உயிரை எடுப்பா.

2

எங்கள் வாப்பாவுக்குக் கல்முனைச் சந்தைக்குப் பக்கத்தில் துணிக்கடை. சொந்தக் கார் கிடையாது. தேவைக்கு ஹயர் கார் பிடிப்பார். பெண்கள் ஏறுகிற பயணமென்றால் காருக்கு முதல் துணிதான் வீட்டுக்கு வரும். வாப்பா கடையிலிருந்து வெள்ளைத் துணி கிழித்து அனுப்புவார். அதைப் பின் யன்னல்களுக்குத் திரையாகக் கட்டி முடித்த பிறகுதான் நாங்கள் வாசலில் இறங்கலாம்.

இதைப் பழங்காலக் கதை என்று நினைக்க வேண்டாம். எழுபத்தேழு, எழுபத்தெட்டில் நடந்ததைத்தான் சொல்கிறேன். அந்த நாளில் நான் பள்ளிக்கூடத்துக்கு நடந்தே போய் வந்தேன். முக்காட்டைத் தவிர வேறு மறைப்பில்லை. தெருவில் நடந்தால் திரையில்லை, காரில் ஏறினால் திரை. இது என்ன நியாயம் என்று உம்மாவிடம் கேட்டேன்.

"நடந்து போற புள்ளய ஆருகா பாக்காங்க? கார் எண்டா எல்லாரும் கிறுகிப் பாப்பாங்க" என்று உம்மா சொன்னா.

சவளக்கடையில் எங்களுக்கு வயல் இருந்தது. வெள்ளாமை வெட்டுக்குக் குடும்பத்தோடு போவோம். திரைக்குள்ளிருந்தே எனக்கு வழி முழுவதும் தெரியும். கார்ச் சத்தம் மாறி இரண்டு பக்கமும் குளிர்காற்று வந்தால் கிட்டங்கித் தாம்போதி, தண்ணீருக்கு நடுவால் போகிற பாதை. ஈரச் சேற்று மணம் வந்தால் வயல் வந்துவிட்டது. மறுபக்கம் போகும் நாட்களில் கோயில் மணி கேட்டால் பாண்டிருப்பு. என் தம்பி முன் சீட்டில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கண்ணால் பார்த்துக்கொண்டு வருவான். எனக்கு அவன் மீது பொறாமையாக இருக்கும். இறங்கும்போது ஒரு நுள்ளு நுள்ளிவிடுவேன்.

டெக்சாஸில் இறங்கிய அன்று என் மாப்பிள்ளை காரின் முன் கதவைத் திறந்து "ஏறு புள்ள" என்றார். முன் சீட்! கண்ணாடி நிறைய ஆகாயம். வீடு வந்து சேரும் வரை கைப்பையால் முகத்தை மறைத்துக்கொண்டு, அதன் ஓரத்தால் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு போனேன்.

பிறகு மகள் ஷமீமாவுக்கு ஒரு நாள் காய்ச்சல் கொதித்தது. அவர் கூட்டாளி ஒருவரின் காரில் வேலைக்குப் போயிருந்தார். கார் வாசலில் நின்றது, ஓட்டத் தெரிந்த ஆள் வீட்டில் இல்லை. அடுத்த சனிக்கிழமையே "இனி நீயும் பழகு" என்று என்னை ஸ்டியரிங்கில் உட்கார வைத்தார். அவர் மருதமுனைக்காரர், நல்ல மனுஷன், ஆனால் வாத்தியார் வேலைக்குச் சரிவராதவர்.

"கிறுகு புள்ள! கிறுகு! கிறுகெண்டாக் கிறுகு!"

"எந்தப் பக்கம் எண்டு செல்லாமக் கிறுகெண்டா நான் என்ன பம்பரமா?"

"யா அல்லாஹ், முன்னுக்குக் குப்பை வாளி!"

குப்பை வாளி போய்விட்டது. அல்ஹம்துலில்லாஹ், அதைத் தவிர ஐந்து வருஷத்தில் நான் வேறு எதையும் இடிக்கவில்லை.

3

இந்த மாநிலத்துக்கு வந்து பெட்டிகளைக்கூடப் பிரிக்கவில்லை, கடையின் அறிவித்தல் பலகையில் ஒரு துண்டைக் கண்டேன். ஆற்றுக்கு அப்பாலுள்ள பாலர் பாடசாலைக்கு உதவி ஆசிரியை தேவை.

ஊரில் நான் ஆசிரியர் கலாசாலையில் படித்து வெளியேறி இரண்டு வருஷம் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தவள். அமெரிக்காவுக்கு வந்த பிறகு நான் யாருக்கும் ஒன்றும் சொல்லிக் கொடுக்கவில்லை. காலையில் மாப்பிள்ளை போவார், மகள் போவாள். நானும் தொலைக்காட்சியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருப்போம். சோறு சமைப்பதும், வராத கடிதத்துக்குத் தபால் பெட்டியைத் திறந்து பார்ப்பதும்தான் அலுவல். வெளியே சொல்லவில்லையே தவிர எனக்கு அந்த வாழ்க்கை துப்பரவாக வெறுத்துப் போயிருந்தது.

பாலர் பாடசாலைத் தலைவி கண்ணாடியைக் கழுத்தில் கயிற்றால் தொங்கவிட்டிருந்த நெட்டை மனுஷி. என்னோடு அரை மணித்தியாலம் கதைத்தாள். கடைசியில், "இங்கே பஸ் வராது. உங்களிடம் வாகனமும் லைசனும் உண்டா?" என்று கேட்டாள்.

"ஓம்" என்றேன். பதற்றம் வந்தால் எனக்கு யெஸ் வராது.

"ஹோமா? வீட்டிலா இருக்கிறது?"

"யெஸ், ஓம்."

"நல்லது, வீட்டில் இருந்தால் போதும்" என்று அவள் சிரித்தாள். மாதத் தொடக்கத்துத் திங்கட்கிழமை எட்டு மணிக்கு வர வேண்டும். அன்றைக்கு வர முடியாவிட்டால் வேறொருவர் காத்திருக்கிறார், அவரைக் கூப்பிட்டுவிடுவேன் என்பதையும் நல்ல குரலிலேயே சொன்னாள்.

கந்தூரிச் சாப்பாட்டுக்குப் போகிற பிள்ளை மாதிரித் துள்ளிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். மாப்பிள்ளையின் புது வேலையும் அதே திங்கட்கிழமைதான் தொடங்க இருந்தது. அவர் றோட்டுப் போடுகிற கந்தோரில் எஞ்சினியர். ஆற்றுக்கு இந்தப் பக்கம், வீட்டிலிருந்து தெற்கே.

"நல்ல விசயம் புள்ள" என்றார். கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்தார். "ஆனா கார் ஒண்டுதானே இரிக்கி."

"ஒண்டு காணும். நான் ஒராள்தானே."

"அப்ப நான்?"

"உங்கள இறக்கிப்போட்டு நான் போறன்."

"முதல் நாளே பொண்டாட்டி ஓட்ட, நான் பக்கத்தில குந்திக்கிட்டுப் போறதா? ஆக்கள் என்ன நினைப்பாங்க?"

"எந்த ஆக்கள்? இஞ்ச நம்மட ஆக்கள் ஆரிரிக்கா?"

முதலில் லைசனை எடுப்போம், மறுகா பார்ப்போம் என்று அவர் எழும்பிப் போய்விட்டார்.

4

லைசன் கந்தோரில் இருந்த பெண் எங்கள் இருவரின் டெக்சாஸ் லைசன்களையும் வாங்கினாள். வாங்கியவள், கண்ணுக்கு முன்னால் இரண்டின் மூலையையும் கத்தரிக்கோலால் நறுக்கினாள். குப்பை வாளியிலிருந்து தொடங்கிய என் பாடெல்லாம் அந்த மூலையோடு போயிற்று. பிறகு எழுத்துச் சோதனைத் தாள்களைத் தந்து, தனித்தனி மேசையில் உட்காரச் சொன்னாள்.

மாநிலத்தின் வீதிப் புத்தகத்தை நான் இரண்டு தரம் வாசித்திருந்தேன். ஒரு தரம் சோறு கொதிக்கும்போது, ஒரு தரம் மகள் நித்திரையான பிறகு. என் மாப்பிள்ளை அதன் அட்டையைப் பார்த்தார். படம் வடிவாக இருக்கிறது என்றார். "நான் றோட்டப் போடுறவன். அதில ஓடுறதப் பத்தி எனக்கு ஒரு சோதினையா?" என்று கேட்டுவிட்டு மற்றப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டார்.

நான் பாஸ். எஞ்சினியர் பெயில்.

எனக்கு நாக்கைக் கடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. அவருடைய தாளை அந்தப் பெண் சிவப்புப் பேனையால் திருத்தித் தந்திருந்தாள். பனியில் வழுக்கினால் என்ன செய்வது என்பதில் பிழைவிட்டிருந்தார்; அது பரவாயில்லை, எங்கள் பக்கத்தில் பனிக்கு எங்கே போவது? பாடசாலை பஸ் நிற்கும்போது மெதுவாக முந்தலாம் என்று எழுதியிருந்தார். ஹோன் எப்போது அடிக்க வேண்டும் என்ற கேள்வியில்தான் மனுஷன் முழுதாகக் கவிழ்ந்திருந்தார். ஆபத்து நேரத்தில் மட்டும் என்பது சரியான விடை. வளைவு, சந்தி, சனக்கூட்டம் என்று போட்டிருந்த எல்லாவற்றுக்கும் இவர் தாராளமாக அடையாளமிட்டு வைத்திருந்தார்.

"கல்முனையில ஹோன் அடிக்காமப் போனா, ஆரோட கோபம் எண்டெல்லவா கேப்பாங்க!" என்று வெளியே வந்து எனக்கு நியாயம் சொன்னார்.

"நானா பெயிலாக்கினன்? அந்தப் பொம்புளக்கிட்டப் போய்ச் செல்லுங்க."

அடுத்த கிழமைதான் அவர் மறுபடி எழுதலாம். பழைய லைசன் மூலை போயிற்று, புதியது கிடைக்கவில்லை. சாவியை என் கையில் தந்தார். கதவைத் திறந்து பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்து, மடியில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டார். நான் பிஸ்மி சொல்லி எடுத்தேன். எனக்கு அந்த நேரம் காற்றில் மிதப்பது மாதிரி இருந்தது. அதை அவருக்குக் காட்டக் கூடாதென்று உதட்டை இறுக்கி வைத்துக்கொண்டு ஓட்டினேன்.

5

அங்கிருந்து நேரே காப்புறுதி முகவரிடம் போனோம். பள்ளிக்கூடம் விட்டிருந்ததால் ஷமீமாவையும் ஏற்றிக்கொண்டோம். முகவர் தடித்த, வழுக்கைத் தலை மனுஷன். வாயில் எந்நேரமும் ஒரு புதினா மிட்டாய் இருந்தது. அவ்வளவு அன்பான ஆளை நான் இந்த மாநிலத்தில் பிறகு காணவில்லை. நடந்ததில் அவர் பிழை ஒரு துளியும் இல்லை. முழுப் பழியும் எங்கள் ஊர் வழக்கத்தின் தலையில்தான்.

ஊரில் இருக்கிற உங்களுக்குத் தெரிந்ததுதான், வெளியூர்க்காரர்களுக்காக எழுதுகிறேன். எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்தால் பெண் புகுந்த வீடு போவதில்லை. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். வீடு பெண்ணுக்குச் சீதனமாக எழுதப்பட்டிருக்கும். என் மாப்பிள்ளையும் மருதமுனையிலிருந்து சாய்ந்தமருதில் என் வீட்டுக்கு வந்தவர்தான். அவருடைய உம்மாவின் வீடு அவர் தங்கச்சிக்குப் போயிற்று. இதில் யாருக்கும் ஒரு குறையும் இல்லை. அமெரிக்காவில் வாடகை வீடு பிடித்தபோதுகூட, "ஊட்டப் பொம்புளட பேர்ல எழுதினாத்தான் எனக்கு நித்திரை வரும்" என்று என் பேரிலேயே ஒப்பந்தம் எழுதினார்.

முகவர் கேட்டார், என் மாப்பிள்ளை ஆங்கிலத்தில் பதில் சொன்னார். ஆண் இருக்கும்போது நான் கதைப்பது மரியாதையில்லை என்று நான் சும்மா இருந்தேன். அதுதான் நாசமாகப் போன இடம்.

"வீடு சொந்தமா, வாடகையா?"

"அது என் மனைவியின் வீடு."

"நீங்கள் எங்கே வசிக்கிறீர்கள்?"

"மனைவியின் வீட்டில் தங்கியிருக்கிறேன்."

"ஓ. உங்களுக்கென்று நிரந்தர வீடு?"

"என் தாயின் வீடு இருந்தது. அதைத் தங்கைக்குக் கொடுத்துவிட்டார்கள்."

"உங்களுக்கு ஒன்றும் தரவில்லையா?"

"எனக்கு எதற்கு வீடு? நான் ஆண்" என்று என் மாப்பிள்ளை பெருமையோடு சிரித்தார்.

முகவர் பேனையைக் கீழே வைத்தார். என் மாப்பிள்ளையைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, மேசை லாச்சியைத் திறந்து அவருக்கு ஒரு புதினா மிட்டாய் கொடுத்தார்.

"லைசன்?"

"இன்றைக்குப் பெயில். அவளிடம் இருக்கிறது. காரையும் அவள் பேரிலேயே எழுதுங்கள்."

முகவர் இன்னொரு மிட்டாய் கொடுத்தார். பிறகு என் பக்கம் சாய்ந்து, குரலைத் தணித்து, "அம்மணி, எல்லாம் பாதுகாப்பாகத்தானே இருக்கிறது?" என்று கேட்டார்.

நான் காரைப் பற்றிக் கேட்கிறார் என்று நினைத்து, "மிகவும் பாதுகாப்பு, பிரேக் புதிது" என்றேன்.

"ஏதாவது தேவையென்றால் சொல்லுங்கள். என் அக்கா, பெண்கள் தங்குவதற்கு ஓர் இடம் நடத்துகிறார்."

"நன்றி, எனக்கு வீடு இருக்கிறது" என்றேன். அக்கா வாடகைக்கு அறை விடுகிறாளாக்கும் என்று நினைத்தேன்.

திரும்பி வரும்போது ஷமீமா பின் சீட்டில் இருந்தாள். ஏழு வயது. வீட்டில் நாங்கள் தமிழில் கேட்டால் அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்கிற காலம் தொடங்கியிருந்தது. "சோறு திண்டியா மகள்?" என்றால் "யா" என்பாள். ஓம் என்று சொல்லு என்றால் தோளைக் குலுக்குவாள். எனக்கு நெஞ்சில் முள் தைத்தது மாதிரி இருக்கும். அன்றைக்கு அவளாகவே தமிழில் தொடங்கினாள்.

"உம்மா, வாப்பா எங்கட ஊட்டுக்கு விசிட் வந்தவரா?"

"ஆர் செல்லிச்சி?"

"அந்த அங்கிள் அப்பிடித்தானே எழுதினாரு. எங்கட கிளாஸ்ல ஒரு பொடியன்ட டாடியும் இப்பிடித்தான். சனிக்கிழமை மட்டும் வருவாரு. வாப்பா, நீங்க மத்த நாளும் வருவீங்கதானே?"

நான் காரை ஓரத்தில் நிறுத்திவிட்டேன். ஓட்ட முடியவில்லை. சிரித்துச் சிரித்துக் கண்ணால் தண்ணீர் வந்தது. என் மாப்பிள்ளை மட்டும் மிட்டாயை வாயில் வைத்தபடி, "என்ன புதினம்? நான் உள்ளதத்தானே சென்னன்" என்று எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

6

பத்திரம் தபாலில் வந்தது. காருக்கும் காப்புறுதிக்கும் சொந்தக்காரி: நயீமா, அதாவது நான். என் மாப்பிள்ளையின் பேர் அடியில் ஒரு மூலையில் கிடந்தது. தற்காலிகமாக வந்து தங்கியிருப்பவர், வாகனத்தை ஓட்ட அனுமதி இல்லை.

எனக்குப் போதாதா? அன்று பின்னேரமே அவரை முன் அறையில் உட்கார வைத்தேன். தேத்தண்ணிக் கோப்பையைப் பீரிசுத் தட்டில் கொண்டுபோய் வைத்து, "வாங்க, வாங்க. ஊரில எல்லாரும் சுகந்தானே? பயணம் எப்ப?" என்று விசாரித்தேன். ஷமீமாவுக்கும் விஷயம் பிடித்துக்கொண்டது. வாப்பாவுக்குப் புதுத் துவாய் எடுத்துக் கொடுத்து, குளியலறை எந்தப் பக்கம் என்று கையால் காட்டினாள். அவரும் விடவில்லை. சாப்பிட்டு முடித்து, "கறி நல்லாரிக்கி. வந்த எடத்தில இப்பிடிக் கவனிக்கிறது இந்தக் காலத்தில பெரிய காரியம்" என்று எழும்பிப் போய்க் கை கழுவினார். இரண்டு மூன்று நாள் வீடு முழுக்க ஒரே பகிடி.

வெள்ளிக்கிழமை அவர் லைசன் கந்தோருக்குப் போய்ச் சோதனையில் பாஸ் பண்ணினார். இந்த முறை புத்தகத்தை வாசித்துவிட்டுத்தான் போனார். நான் கைதட்டினேன், ஷமீமா கட்டிப்பிடித்தாள். வீடு திரும்பும்போது, பத்திரத்தில் என்ன எழுதியிருந்தாலும், அவரே ஓட்டினார். வீட்டுக்குள் வந்ததும் சாவியைக் கதவுக்குப் பக்கத்து ஆணியில் மாட்டவில்லை. சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

அதைக் கண்டதும் என் சிரிப்பெல்லாம் வற்றிப்போயிற்று. திங்கட்கிழமைக்கு இன்னும் இரண்டு நாள்தான் இருந்தது. எனக்குக் கோபம் தலைக்கேறியது. அடுப்படியில் ரொட்டிப் பாணை வெட்டினால் பலகையும் வெட்டுப்பட்டது. என்னைப் போக வேண்டாம் என்று சொல்கிற மனுஷன் இல்லை அவர். அது எனக்குத் தெரியும். ஆனால் சொல்லாமலே ஒரு சாவியைப் பையில் போட்டால் போதும், நான் மறுபடி தொலைக்காட்சிக்கு முன்னால் போய் உட்கார வேண்டியதுதான். ஆற்றுக்கு அப்பால் என்னுடைய இடத்தில் வேறொருத்தி போய் நிற்பாள். அவள் யாரென்று தெரியாமலே அவள் மீது எனக்கு எரிச்சல் வந்தது.

முகவர் சனிக்கிழமையும் கந்தோர் திறப்பவர். லைசன் எடுத்த விஷயத்தை அறிவித்துப் பத்திரத்தைத் திருத்துவதற்காக மூவரும் போனோம். இந்த முறை நான் மரியாதையைத் தூக்கி ஒரு பக்கம் வைத்துவிட்டு, வீட்டு வழக்கத்தை என் உடைந்த ஆங்கிலத்தில் நானே விளங்கப்படுத்தினேன். மாப்பிள்ளைமார் பெண் வீட்டில்தான் இருப்பார்கள், ஊர் முழுக்க அப்படித்தான், நாங்கள் பிரியவில்லை, இவர் எல்லா நாளும் எங்கள் வீட்டில்தான் சாப்பிடுகிறார் என்றேன். மனுஷனின் முகம் சிவந்து, மொட்டந்தலையும் சிவந்தது. எழுந்து வந்து என் மாப்பிள்ளையின் கையை இரண்டு கையாலும் பிடித்து மன்னிப்புக் கேட்டார்.

"இப்போதே சரிபண்ணிவிடுகிறேன்" என்று தட்டச்சு இயந்திரத்தில் புதுத் தாளைச் செருகினார். "குடும்பத் தலைவர் நீங்கள். உங்கள் பேரை முதலில் போடுகிறேன். காரை முக்கியமாக ஓட்டுபவர் என்ற இடத்திலும் உங்கள் பேர்தானே, சேர்?"

நான் நிலத்தைப் பார்த்தேன். வாயைத் திறந்தால் சண்டை வரும், இல்லாவிட்டால் அழுகை வரும்.

என் மாப்பிள்ளை சட்டைப் பைக்குள் கையை விட்டார். முகவருக்குப் பதில் சொல்லாமல் என் பக்கம் திரும்பினார்.

"புள்ள, திங்கக்கிழமை எத்தின மணிக்கு நீ அங்க நிக்கோணும்?"

"எட்டுக்கு" என்றேன்.

"அப்ப என்ன ஏழுக்கே கொண்டுபோய் இறக்கிரு. முதல் நாள் பிந்தப்படா."

சாவியை என் மடியில் வைத்தார். முக்காட்டை இழுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். ஒரு கண் அழுதது, மறு கண் சிரித்தது. முகவர் மிட்டாய் லாச்சியில் கை வைத்தபடி, கொடுப்பதா வேண்டாமா என்று தெரியாமல் இருந்தார்.

"எழுதியது எழுதியபடியே இருக்கட்டும்" என்று என் மாப்பிள்ளை ஆங்கிலத்தில் சொன்னார். "முதல் பேர் அவள். முக்கியமாக ஓட்டுபவளும் அவள். எனக்கும் ஓட்ட அனுமதி உண்டு என்று மட்டும் அடியில் எழுதுங்கள்."

"அவருக்கு நீங்கள் என்ன உறவு என்று போடுவது?"

எங்கள் ஊரில் புருஷனுக்கும் மாப்பிள்ளைதான், புது மாப்பிள்ளைக்கும் மாப்பிள்ளைதான். இவர் நெஞ்சை நிமிர்த்தி, அகராதியில் படித்த சொல்லைச் சொன்னார்:

"பிரைட்குரூம்."

முகவர் எங்களையும் எங்கள் ஏழு வயது மகளையும் பார்த்தார். "வாழ்த்துகள். கலியாணம் எப்போது?" என்று கேட்டார்.

"அவங்க முடிச்சிட்டாங்க அங்கிள்" என்று ஷமீமா அவசரத்தில் அவருக்குத் தமிழிலேயே பதில் சொன்னாள்.

7

திங்கட்கிழமை விடிய எழும்பி மூவரும் வெளிக்கிட்டோம். ஷமீமாவைப் பக்கத்து வீட்டு அம்மாவிடம் விட்டோம்; அங்கிருந்து பாடசாலை பஸ் அவளை ஏற்றிக்கொள்ளும். நான் ஓட்டினேன். அவர் டை கட்டி, சாப்பாட்டுப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, இல்லாத பிரேக்கை வலக்காலால் மிதித்துக்கொண்டே வந்தார். வழி முழுக்க ஓதினார். நான் கேட்காத மாதிரி இருந்தேன்.

றோட்டுக் கந்தோர் வாசலில் அவரோடு வேலை செய்யப்போகிறவர்கள் ஐந்தாறு பேர் கோப்பிக் குவளையோடு நின்றார்கள். எல்லாரும் எங்களைப் பார்த்தார்கள். முக்காடு போட்ட ஒருத்தி ஸ்டியரிங்கில், டை கட்டிய எஞ்சினியர் பக்கத்தில். "கொஞ்சம் தள்ளி நிப்பாட்டவா?" என்று கேட்டேன்.

"ஏன்? வாசலிலயே நிப்பாட்டு" என்றார்.

இறங்கினார். கதவைச் சாத்தினார். சட்டையை இழுத்து விட்டுக்கொண்டு பின்னுக்குப் போனார். என்ன செய்யப்போகிறார் என்று கண்ணாடியில் பார்த்தேன். கல்முனை பஸ் நிலையத்தில் பஸ்ஸை எடுக்கச் சொல்லிக் கொண்டக்டர்மார் செய்கிற மாதிரியே, உள்ளங்கையால் காரின் முதுகில் படபடவென்று இரண்டு தட்டுத் தட்டி, தெருவுக்கே கேட்கக் கத்தினார்:

"றைட்!"

கோப்பிக் குவளையோடு நின்ற அத்தனை பேரும் வலப்பக்கம் திரும்பிப் பார்த்தார்கள். நான் நேரே போனேன்.